சாப்பிட மறுக்கும் ஆக்ஸலாட்டல்: மருந்துக் கடைக்கு ஓடும் முன் தெர்மாமீட்டரை எடுங்க

மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. மண்புழுவை வாய்க்கு நேராகக் காட்டினாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறது. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா உடம்பு நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் அது ஒரே மாதிரிதான் சிரிக்கும். பக்கத்துத் தெரு கால்நடை மருத்துவமனைக்கு ஃபோன் போட்டால், "என்னது சார் அது, மீனா, பல்லியா?" என்று கேட்கிறார்கள். விற்ற கடையில் கேட்டால் ஒரு நீலச் சொட்டு மருந்தும் ஒரு பிடி கல் உப்பும் போடச் சொல்கிறார்கள். யூடியூபில் ஒருவர் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார், அடுத்தவர் வைக்கவே கூடாது என்கிறார்.

ஆக்ஸலாட்டல் வளர்ப்பவர்களில் பலர் என்றாவது ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். 2021-ல் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் வந்த பிறகு இந்த உயிரினத்துக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். அதே ஆண்டு மெக்சிகோ வெளியிட்ட 50 பெசோ நோட்டிலும் அதன் படம்தான். நம் ஊர் மீன் கடைகளிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. வாங்குவது சுலபம். உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஊட்டி உயரத்து உயிரினம்

ஆக்ஸலாட்டல் மீன் இல்லை. தவளைக்கு உறவான, வாலுள்ள நீர்நில வாழ்வி. நியூட், சாலமாண்டர் எல்லாம் இதே கூட்டம்தான். மற்ற சாலமாண்டர்கள் பெரும்பாலும் குட்டிப் பருவத்தில் தண்ணீருக்குள் செவுளோடு இருந்து, வளர்ந்த பிறகு செவுளை இழந்து கரையேறும். ஆக்ஸலாட்டல் மட்டும் குட்டித் தோற்றத்திலேயே, தலைக்குப் பின்னால் இறகு மாதிரி விரிந்த செவுள்களோடு, ஆயுசு முழுக்கத் தண்ணீரிலேயே இருந்துவிடும். அந்த உடம்போடுதான் முட்டையும் போடும்.

அதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ ஏரி, கால்வாய்ப் பகுதி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். ஊட்டியின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான். இந்த ஒரு தகவலை மனசில் வைத்துக்கொண்டாலே பாதி வைத்தியம் புரிந்துவிடும். ஊட்டித் தண்ணீரில் வாழ வேண்டிய ஒன்றை மே மாதச் சென்னையில், ஹைதராபாத்தில், நாக்பூரில் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்திருக்கிறோம்.

1998-ல் சோச்சிமில்கோவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 என்று கணக்கிடப்பட்ட இந்த இனம், 2014 கணக்கெடுப்பில் 36-க்கு இறங்கிவிட்டது. காட்டில் கிட்டத்தட்ட இல்லை, வீடுகளிலும் ஆய்வகங்களிலும் ஏராளம். ஆய்வக வம்சத்தில் பெரும்பகுதி 1864-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்த 34 விலங்குகளில் ஒரு சிலவற்றிலிருந்து வந்தது. வீட்டுத் தொட்டிகளில் இருப்பவற்றுக்கும் பெரும்பாலும் அதே பூர்வீகம்தான். நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகிய கூட்டம் அது.

முதல் சந்தேகம் சூடு மேல்

ஆக்ஸலாட்டலுக்கு ஏற்ற வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 20 வரை சமாளிக்கும். 24-ஐத் தாண்டி நாள்கணக்கில் இருந்தால் அதுவே நோய்க்கான அழைப்பு. பெங்களூருவில்கூட ஏப்ரல் மாதத்தில் சாதாரண அறைத் தொட்டி 26, 27-ஐத் தொடும். சென்னையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் மதியம் கை வைக்க முடியாது.

சூடு என்ன செய்கிறது? மூன்று வேலையை ஒரே நேரத்தில் செய்கிறது. ஒன்று, தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 15 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 10 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. அதே சமயம் விலங்கின் உடம்பு வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறையும்போது செலவு ஏறுகிற கதை. இரண்டாவது, பாக்டீரியாவும் பூஞ்சையும் சூட்டில் வேகமாகப் பெருகும், ஆக்ஸலாட்டலின் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. தொட்டியில் சேரும் அம்மோனியா எல்லாமே ஒரே அளவு விஷம் கிடையாது. அதில் ஒரு பங்குதான் செவுளைச் சுடும் வடிவத்தில் இருக்கும், அந்தப் பங்கு சூட்டோடு ஏறும். பிஹெச் 8 உள்ள தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 4 சதவீதம், 30 டிகிரியில் சுமார் 7.5 சதவீதம். அதாவது டெஸ்ட் கிட்டில் அதே எண் வந்தாலும், மே மாதத்தில் அது டிசம்பரைவிட இரண்டு மடங்கு ஆபத்து.

அதனால் சாப்பிடவில்லை என்றதும் முதலில் எடுக்க வேண்டியது தெர்மாமீட்டர். கண்ணாடியில் வெளியே ஒட்டும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், அது அறையின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். தண்ணீருக்குள் போடுகிற, நூறு இருநூறு ரூபாய் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்.

குறைக்க வழி? உருப்படியான தீர்வு அக்வேரியம் சில்லர், ஆனால் பல மாடல்கள் விலங்கின் விலையைப் பல மடங்கு தாண்டும். தொட்டியின் மேல் மூடியை எடுத்து வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் ஆவியாதல் மூலம் இரண்டு மூன்று டிகிரி குறையும். மண்பானைத் தத்துவம்தான். ஆனால் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது அவ்வளவாக எடுபடாது. அவசரத்துக்குப் பாட்டிலில் தண்ணீர் உறைய வைத்து, மூடியோடு தொட்டியில் மிதக்கவிடலாம். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீங்க, திடீர்க் குளிரும் குழாய்த் தண்ணீரின் குளோரினும் சேர்ந்து வரும். மணிக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் இறங்காமல் மெதுவாகக் குறைக்க வேண்டும். காலையில் 18, ஆபீஸ் முடிந்து வரும்போது 27, ராத்திரி மறுபடி 18 என்று ஆட்டிப் படைப்பது நிலையான 22-ஐவிட மோசம்.

அடுத்து தண்ணீர், அதற்கப்புறம்தான் நோய்

மீன் தொட்டியில் மூன்று எண்கள் முக்கியம். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்-க்குள். முதல் இரண்டில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் பிரச்சினைதான். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை ஓரளவு பாதிப்பில்லாத நைட்ரேட்டாக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நாலு முதல் எட்டு வாரம் ஆகும். ஆனால் நடப்பது என்ன? சனிக்கிழமை தொட்டியும் விலங்கும் ஒன்றாக வாங்கி, அன்றைக்கே தண்ணீர் ஊற்றி உள்ளே விட்டுவிடுகிறோம். இரண்டாவது வாரம் அது சாப்பாட்டை நிறுத்தும்போது "நோய்" என்கிறோம். பல நேரம் அது நோயே இல்லை, தன் சிறுநீரிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டையாக வரும் டெஸ்ட் ஸ்டிரிப் தோராயம்தான். சொட்டு விட்டு நிறம் பார்க்கிற திரவ கிட் நம்பகமானது. அது கையில் இல்லாமல் ஆக்ஸலாட்டல் வளர்ப்பது, பி.பி. மெஷின் இல்லாமல் கிளினிக் நடத்துவது மாதிரி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு விடாமல் ஊற்றக்கூடாது. கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் சுத்தம் என்று நினைத்து அதை மட்டுமே ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதில் தாது உப்பு மிகக் குறைவு, ஆக்ஸலாட்டலுக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் ஒத்துவரும். அந்த விஷயத்தில் நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் பரவாயில்லை, ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டு ஊற்றுங்க.

ஒரு பிளாஸ்டிக் டப்தான் ஐ.சி.யூ

தொட்டியின் எண்கள் மோசம் என்றால், அல்லது காரணமே புரியவில்லை என்றால், விலங்கைத் தனியே எடுத்துவிடுவது நல்லது. பெரிய செட்டப் எதுவும் வேண்டாம். சோப்பு படாத, பத்து லிட்டர் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் டப். அதில் குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய், மேலே காற்றுப் போக ஓட்டை போட்ட மூடி. மணல், செடி, ஃபில்டர் எதுவும் கூடாது. தினமும் ஒருமுறை மொத்தத் தண்ணீரையும் மாற்ற வேண்டும், அதே வெப்பநிலைத் தண்ணீரால். ஃபில்டர் இல்லாத டப்பில் ஒரே நாளில் அம்மோனியா ஏறிவிடும் என்பதால் "இன்னிக்கு ஒருநாள் விட்டுடலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் நாள் ராத்திரியே தண்ணீரைச் சொட்டு மருந்து விட்டுத் தயார் செய்து, கொஞ்சத்தை பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்க. காலையில் குளிர்ந்ததையும் வெளியே இருந்ததையும் கலந்து 18 டிகிரிக்குக் கொண்டுவந்தால் பத்து நிமிட வேலை.

டப்புக்கு மாற்றும்போது வலை போட்டுத் தூக்காதீங்க. செவுள் இழைகளும் விரல்களும் வலைக்கண்ணில் சிக்கிக் கிழியும். ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, அதை உள்ளே நடக்கவிட்டு, தண்ணீரோடு தூக்குங்க. கையால் தொட்டே ஆக வேண்டுமென்றால் கை ஈரமாக, சோப்பு, சானிடைசர், கிரீம் எதுவும் இல்லாமல் நன்றாகக் கழுவியதாக இருக்கட்டும். இதன் தோல் ஒரு ஸ்பாஞ்ச் மாதிரி, உங்கள் கையில் இருப்பது அதன் ரத்தத்துக்குப் போய்விடும். வேலை முடிந்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்க, ஏன்னா நீர்நில வாழ்விகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கலாம். டப்பைச் சமையலறை சிங்கில் கழுவாமல் இருப்பதும் அதனால்தான்.

ஃப்ரிட்ஜ் வைத்தியத்துக்கு வருவோம். விலங்கை டப்போடு ஃப்ரிட்ஜில் 5 முதல் 8 டிகிரியில் வைப்பது வளர்ப்பாளர்கள் நடுவில் பழைய பழக்கம். குளிரில் கிருமி மெதுவாகும் என்பது உண்மை. கூடவே அதன் எதிர்ப்புச் சக்தியும் செரிமானமும்கூட மெதுவாகிவிடும். 28 டிகிரியிலிருந்து நேராக 6-க்கு இறக்குவது நோயைவிடப் பெரிய அதிர்ச்சி. மருத்துவர் சொன்னாலொழிய அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. 16, 17 டிகிரி சுத்தமான தண்ணீரே பெரும்பாலானவற்றுக்குப் போதுமானது.

எந்த அறிகுறி, என்ன அர்த்தம்

செவுள் முன்பக்கமாக வளைந்திருந்தால், வால் நுனி கொக்கி மாதிரி சுருண்டிருந்தால் அது மன அழுத்தம். சூடு, தண்ணீர்த் தரம், அல்லது ஃபில்டரின் வேகமான ஓட்டம். சோச்சிமில்கோ கால்வாய்த் தண்ணீர் அசையாமல் கிடப்பது, அதனால் தொடர்ந்து அடிக்கும் நீரோட்டம் இதற்கு ஆகாது.

செவுளிலோ காயத்திலோ வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் பூஞ்சை. பெரும்பாலும் தண்ணீரில் எப்போதும் இருக்கிற சாப்ரோலெக்னியா வகை, பலவீனமான உடம்பைப் பார்த்து ஏறிக்கொள்வது. ஆரம்பத்தில் டப்பும் குளிர்ந்த தண்ணீரும் போதும், பல நேரம் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். பரவினால் மருந்து தேவைப்படும்.

மிதப்பது? ஆக்ஸலாட்டலுக்கு நுரையீரலும் உண்டு, அவ்வப்போது மேலே வந்து காற்று குடிக்கும், கொஞ்ச நேரம் மிதக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். கீழே போக முயன்று முடியாமல் தத்தளித்தால், வயிறும் உப்பியிருந்தால்தான் கவலை. கால் தரையைத் தொடும் அளவுக்குத் தண்ணீரைக் குறைத்து வைத்து, மலம் வருகிறதா என்று பாருங்க. தொட்டியில் கலர் கூழாங்கல் போட்டிருந்தால் சந்தேகம் அங்கேதான். இவை இரையைக் கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் கல்லும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். தலையைவிடப் பெரிய கல், அல்லது வெறும் கண்ணாடித் தரைதான் பாதுகாப்பு. கடையில் அழகுக்காகக் கொடுக்கும் அரை கிலோ கூழாங்கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்க.

வயிற்றிலோ தொடையிலோ சிவப்புத் திட்டுகள், கால் வீக்கம், உடம்பு முழுக்க நீர் கோத்த மாதிரி உப்பல், வளைந்து நெளிந்து துடிப்பது, இவை எதற்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. ரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவர்.

சாப்பிடாமல் இருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் அவசரப்படாதீங்க. வளர்ந்த ஆக்ஸலாட்டல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சாப்பிட்டாலே போதும், ஆரோக்கியமானது ஒரு வாரத்துக்கு மேலும் பட்டினி தாங்கும். குட்டிக்குத் தாங்காது. மெனுவையும் பாருங்க. மண்புழுதான் முழுச் சாப்பாடு. ஆனால் மண்புழு உரத் தொட்டியில் வளரும் சிவப்புப் புழு கசப்பான திரவம் சுரக்கும் என்பதால் சிலது துப்பிவிடும். சிக்கன் துண்டு, மாட்டு இதயம் பழக்கக்கூடாது. தங்கமீன் குட்டிகளை இரையாகப் போடுவது இன்னும் மோசம். வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதியும் ஒட்டுண்ணிகளும் இலவசமாக வரும்.

கடைக்காரர் கொடுக்கும் சொட்டு மருந்து

மீனுக்கான மருந்து இதற்கும் ஆகும் என்பதுதான் ஆபத்தான தப்பு. மீனுக்குச் செதில் இருக்கிறது, இதற்கு இல்லை. மாலகைட் கிரீன், காப்பர், ஃபார்மலின் கலந்த மருந்துகள் மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஓடும், ஆக்ஸலாட்டலைக் கொன்றுவிடும். நம் கடைகளில் பச்சையும் நீலமுமாக, லேபிளில் என்ன இருக்கிறது என்றே எழுதாத குப்பிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. உள்ளே என்ன என்று தெரியாத எதையும் தண்ணீரில் விடாதீங்க.

மெத்திலீன் ப்ளூ மட்டும் விதிவிலக்கு. பூஞ்சைக்கு நீர்த்த அளவில், டப்பில் மட்டும் பயன்படுத்துவது உண்டு. தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியா மொத்தமும் செத்து, அம்மோனியா பிரச்சினை முதலிலிருந்து ஆரம்பிக்கும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

உப்புக் குளியல் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது. பூஞ்சையை உதிர்க்கும் என்பது சரி, செவுளையும் தோலின் சளிப்படலத்தையும் எரிக்கும் என்பதும் சரி. தொட்டியில் நிரந்தரமாகக் கல் உப்பைக் கரைத்து வைப்பது நிச்சயம் வேண்டாம். மனுஷங்க ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்குவதும் வேண்டாம், விலங்கின் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் இவற்றுக்குத் தரும் ஆன்டிபயாடிக், எடையைக் கிராமில் பார்த்துக் கணக்கிட்டு ஊசியாகப் போவது.

கால் போச்சே, வளருமா?

வளரும். ஆக்ஸலாட்டல் இழந்த காலை எலும்பு, தசை, நரம்போடு, தழும்பில்லாமல் திரும்ப வளர்த்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட இடத்தைத் தோல் மூடி, அதன் கீழ் செல்கள் ஒரு மொட்டு மாதிரி திரளும். அதிலிருந்து முதலில் துடுப்பு மாதிரியும் பிறகு விரல்களோடும் கால் வரும். முதுகுத் தண்டு, இதயத்தின் பகுதிகளைக்கூடச் சரிசெய்துகொள்ளும் என்பதால்தான் உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதை வைத்திருக்கிறார்கள். மனித மரபணுத் தொகுதியைப் போல சுமார் பத்து மடங்கு நீளமான, 3,200 கோடி எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத் தொகுதி 2018-ல் வெளியானது.

ஆனால் இந்தப் பெருமையே சில நேரம் அதற்கு எமன். "தானா வளந்துடும்" என்று விட்டுவிடுகிறார்கள். குட்டிக்குச் சில வாரங்களில் வளரும் கால், வயதானதுக்கு மாதக்கணக்கு ஆகும். அதுவரை காயம் திறந்த வாசல். அசுத்தமான, சூடான தண்ணீரில் மொட்டு விடும் முன்பே அழுகல் முந்திக்கொள்ளும். கட்டுப் போடக்கூடாது, மஞ்சள், டிஞ்சர், ஆயின்ட்மென்ட் எதுவும் தடவக்கூடாது. டப், குளிர்ந்த தண்ணீர், நல்ல சாப்பாடு, பொறுமை. முனை கறுத்தாலோ, சிவந்து வீங்கினாலோ, பஞ்சு படர்ந்தாலோ மருத்துவர். புதுக் கால் கோணலாக வந்தாலும், ஒரு விரல் கூடுதலாக வந்தாலும் கவலை இல்லை.

கால் எப்படிப் போனது என்பதையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் கூட இருந்த இன்னொரு ஆக்ஸலாட்டல்தான். குட்டிப் பருவத்தில் அசைவதையெல்லாம் கடிக்கும், தம்பி தங்கை என்ற கணக்கில்லை. அளவு வித்தியாசம் உள்ள இரண்டை ஒரே தொட்டியில் விடாதீங்க.

நியூட் வைத்திருப்பவர்களுக்கு

வயிறு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் சீன நியூட் வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன குளிர், தண்ணீர்த் தரம், மருந்து எல்லாம் பொருந்தும். இரண்டு வித்தியாசம் மட்டும். நியூட் கண்ணாடியில் ஏறித் தப்பிப்பதில் கில்லாடி. காணாமல் போய் சோபாவுக்குக் கீழே தூசியும் முடியும் ஒட்டி, காய்ந்துபோய்க் கிடைப்பது அடிக்கடி நடக்கும். செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன், குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீரில், மூக்கு வெளியே இருக்கும் ஆழத்தில் படுக்க வையுங்க. ஒட்டிய முடியை ஊறிய பிறகு மெதுவாக எடுங்க. சிலது மணிக்கணக்கில் மீண்டுவிடும்.

இரண்டாவது, வளர்ந்த நியூட்டுக்குச் செவுள் இல்லை. பலவீனமாக இருக்கும்போது ஆழமான தண்ணீரில் விட்டால் மூழ்கியே போகலாம். அதனால் அதற்கு ஐ.சி.யூ என்பது ஈரமான, வாசனையில்லாத டிஷ்யூ பேப்பர் விரித்த டப்பாவும் ஒரு மூலையில் கொஞ்சம் தண்ணீரும். பல நியூட் இனங்களின் தோலில் விஷம் உண்டு, தொட்ட கையால் கண்ணைத் தேய்க்க வேண்டாம்.

டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் நம் நாட்டுக்கே சொந்தமான இமாலய நியூட் இருக்கிறது. டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரியில் அதற்காகவே ஒரு சின்னச் சரணாலயமும் உண்டு. சுற்றுலா போன இடத்தில் குளத்தில் பார்த்து பாட்டிலில் பிடித்துவந்தால் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பேப்பர் இருக்கா?

ஆக்ஸலாட்டல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சைட்டீஸ் பட்டியல் உயிரினங்களைத் தன் நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். மீன் கடையில் பில்கூடத் தராமல் விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. பதிவு இல்லை என்ற பயத்தில் மருத்துவரிடம் போகாமல் இருப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தின் விலையை விலங்கு கொடுக்கிறது. பதிவை முதலில் முடித்துவிடுங்க.

சமாளிக்க முடியவில்லை என்று ஏரியில் விடுவது மட்டும் கூடவே கூடாது. நம் சமவெளி ஏரிச் சூட்டில் அது பெரும்பாலும் செத்துவிடும், அது ஒரு பக்கம். உலகம் முழுக்கத் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை, வளர்ப்பு விலங்கு வியாபாரத்தோடும் பயணம் செய்கிறது. சாலமாண்டர்களைத் தாக்கும் அதன் இன்னொரு வகை 2013-ல் நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட பிறகு, 2016-ல் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியை நிறுத்தியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறெங்கும் இல்லாத தவளைகள் இருக்கின்றன. நோயுற்ற விலங்கு இருந்த தண்ணீரையும் ப்ளீச் கலந்து வைத்து, பிறகு கழிவறையில் ஊற்றுங்க, மழைநீர்க் கால்வாயில் அல்ல.

மருத்துவரிடம் போகும்போது

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் இதைப் பார்க்க மாட்டார்கள். "எக்ஸாடிக்" விலங்குகள் பார்ப்பவர் யார் என்று விலங்கு நன்றாக இருக்கும்போதே விசாரித்து எண்ணைச் சேமித்து வையுங்க. பெருநகரங்களில் சிலர் இருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம், மற்ற மாநிலங்களில் அங்குள்ள கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனையில். போகும் முன் ஃபோன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்க.

பிழைக்காது என்று மருத்துவர் சொன்னால் கருணைக்கொலைக்கு மயக்க மருந்து முறை இருக்கிறது. வீட்டிலேயே ஃப்ரீசரில் வைத்தால் வலியில்லாமல் தூங்கிவிடும் என்று இணையத்தில் படிப்பது தவறு, அதைச் செய்யாதீங்க.

கொண்டுபோக, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் உடம்பு முழுக்க மூழ்கும் அளவு குளிர்ந்த தண்ணீரும், மேலே பாதிக்குக் காற்றும் இருக்கட்டும். டப்பாவை ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி டப்பாவுக்கு வெளியே வையுங்க. பைக்கில் மதிய வெயிலில் வேண்டாம், காலை முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. தொட்டியின் தண்ணீரை ஒரு தனி பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்க. கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது மலம் கழித்தது, கடந்த ஒரு வாரத் தண்ணீர் வெப்பநிலை, டெஸ்ட் கிட் எண்கள், என்னென்ன மருந்து ஊற்றினீர்கள் என்பதை எழுதி வையுங்க. கடைக்காரர் பேச்சைக் கேட்டு அந்த நீலச் சொட்டை விட்டிருந்தால் அதையும் சொல்லுங்க, குப்பியையும் கையோடு கொண்டுபோங்க.